தொழில் கடன் வேலை: புதிதாக வருபவர்களும் சொல்லிக்கொடுப்பவர்களும் கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருபத்தாறு வருடம் தொழில் கடன் பார்த்தவன் நான். முதலில் வங்கிக் கிளை, அப்புறம் ஒரு என்பிஎஃப்சி (வங்கி அல்லாத நிதி நிறுவனம்). இப்போது வருடத்துக்கு ஏழெட்டு இளைஞர்களை ஞாயிறு காலையில் உட்காரவைத்து ஃபைல் படிக்கச் சொல்லித்தருகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவையும், அவர்களுக்கு மேலே இருக்கும் அதிகாரிகள் போனில் கேட்டவையும்தான் இங்கே இருப்பவை.

கமர்ஷியல் ஃபைனான்ஸ் என்றால் சரியாக என்ன வேலை?

தொழில் நடத்துகிறவருக்குத் தொழிலுக்காகக் கடன் கொடுப்பது. சரக்கு வாங்க சிசி (கேஷ் கிரெடிட்) அல்லது ஓடி (ஓவர்டிராஃப்ட்), அதாவது ஒரு வரம்புக்குள் எடுத்து எடுத்துக் கட்டும் கடன், மெஷின் வாங்கத் தவணையில் கட்டும் டேர்ம் லோன், ஏற்றுமதி ஆர்டருக்கு பேக்கிங் கிரெடிட், வர வேண்டிய பில்லுக்கு முன்கூட்டியே பணம் தரும் பில் டிஸ்கவுண்டிங், லாரிக்கும் போர்வெல் போடும் ரிக் வண்டிக்கும் கடன், இடத்தை அடமானம் வைத்து வாங்கும் எல்ஏபி. வீட்டுக் கடனும் நகைக் கடனும் இதில் வராது.

சம்பளக்காரருக்குக் கடன் கொடுக்கும்போது சம்பள ஸ்லிப்பைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. இங்கே அப்படி ஒரு தாள் கிடையாது. பணம் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாள் கழித்து வருகிறது, வந்த பணம் எங்கே போகிறது என்பதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். நமக்குச் சம்பளம் அதற்குத்தான்.

பி.காம் மட்டும்தான் படித்திருக்கிறேன். சிஏ, எம்பிஏ இல்லாமல் வரலாமா?

தாராளமாக. நான் பார்த்த நல்ல கிரெடிட் ஆட்களில் (கடன் கொடுக்கலாமா என்று எடைபோடுகிறவர்களில்) ஒருவர் டெக்ஸ்டைல் டிப்ளமோ படித்தவர். நூல் கவுண்ட்டை, அதாவது நூலின் பருமனை, தொட்டுப் பார்த்தே சொல்வார். அவரிடம் யாரும் ஸ்டாக்கில் ஏமாற்றியதில்லை. கணக்கு மட்டும் பயமில்லாமல் வர வேண்டும். சதவீதம் போட கால்குலேட்டர் தேடுகிற ஆள் என்றால் மூன்று மாதம் அதைச் சரிசெய்துவிட்டு வரலாம்.

வங்கியா, என்பிஎஃப்சியா?

இந்த மாநிலத்தில் இரண்டுக்கும் நீளமான கதை உண்டு. கும்பகோணத்தில் 1904இல் தொடங்கியது இன்றைய சிட்டி யூனியன் வங்கி. கரூர் வைசியா வங்கி 1916. தூத்துக்குடியில் 1921இல் நாடார் வங்கி என்று ஆரம்பித்ததுதான் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. எல்லாமே அந்தந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து வைத்தவை. லாரிக்குக் கடன் என்பதை ஒரு தொழிலாகவே வளர்த்ததில் 1954இல் சென்னையில் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. சோழமண்டலம், ஸ்ரீராம் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

வேலை கற்க எது நல்லது என்று கேட்டால், வங்கியில் ஒரு கணக்கை வருடக்கணக்கில் கூடவே இருந்து பார்க்கலாம். சிசி கணக்கில் தினமும் வரவு செலவு ஓடுவதால் ஒரு வியாபாரத்தின் மூச்சு தெரியும். ஆனால் மூன்று வருடத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் வரும், இடையில் இன்சூரன்ஸ் பாலிசியும் விற்கச் சொல்வார்கள். என்பிஎஃப்சியில் ஒரு மாதத்தில் இருபது முப்பது ஃபைல் கையில் வரும். வங்கி வேண்டாம் என்று அனுப்பிய பார்ட்டிதான் (கடன் கேட்டு வருபவர்) பாதி. பேலன்ஸ் ஷீட்டே சரியாக இல்லாத ஆளை எடைபோடக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. என்னைக் கேட்டால் இருபத்தைந்து வயதில் என்பிஎஃப்சியில் இரண்டு மூன்று வருடம் ஓடிவிட்டு வங்கிக்குப் போகலாம். பொதுத்துறை வங்கித் தேர்வுக்கு வயது வரம்பு இருக்கிறது, அதை மட்டும் மனதில் வையுங்கள்.

சேல்ஸில் சேரலாமா, கிரெடிட்டிலா?

முதலில் சேல்ஸ் கிடைத்தால் மறுக்காதீர்கள். கதவைத் தட்டி, வெயிலில் காத்திருந்து, "நாளைக்கு வாங்க தம்பி" கேட்டுப் பழகியவர் பின்னால் கிரெடிட்டுக்கு வரும்போது பார்ட்டியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேராக கிரெடிட்டில் உட்கார்ந்த சிலர் முதலாளிகளிடம் போலீஸ் விசாரணை மாதிரி கேள்வி கேட்பதைப் பார்த்திருக்கிறேன். பார்ட்டி ஒரு வார்த்தை கூட விடமாட்டார்.

முதல் வருடத்தில் எதைக் கட்டாயம் கற்க வேண்டும்?

ஒரு ரூபாய் போய்த் திரும்பி வர எத்தனை நாள் ஆகிறது என்பதை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். வருட விற்பனை 2 கோடி. நூல் வாங்கி, நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பேக்கிங் முடிந்து சரக்கு வெளியே போக 45 நாள். சரக்கு வாங்கிய பார்ட்டி பணம் தர 60 நாள். நூல் கடைக்காரர் 30 நாள் பொறுப்பார். ஆக, 45ஐயும் 60ஐயும் கூட்டி 30ஐக் கழித்தால் 75 நாள் இவர் கைப்பணத்தில் ஓட்ட வேண்டும். 2 கோடியை 365ஆல் வகுத்து 75ஆல் பெருக்குங்கள்: சுமார் 41 லட்சம். விற்பனையை வைத்துப் போட்டதால் இது தோராயம்தான், செலவை வைத்துப் போட்டால் கொஞ்சம் குறையும்.

ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் கமிட்டியின் முறை என்று எல்லா வங்கியிலும் சொல்வார்களே, அதில் சிறு தொழிலுக்கு வருட விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனம் தேவை, அதில் 20ஐ வங்கி கொடுக்கும், 5ஐ முதலாளி போடுவார். 2 கோடிக்கு வங்கி பங்கு 40 லட்சம். நாம் போட்ட 41க்குக் கிட்டத்தட்ட பொருந்துகிறது. நிறைய பேர் இந்த இடத்தோடு நோட்டை மூடிவிடுகிறார்கள்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. சரக்கு வாங்கிய அந்தப் பார்ட்டி 60 நாளுக்குப் பதில் 120 நாள் இழுத்தால் என்ன ஆகும்? 75 நாள் 135 ஆகிறது. தேவை 74 லட்சம். நம் லிமிட் 40. சொந்தப் பணமாக 10 லட்சம் போட்டிருந்தாலும் மீதி 24 லட்சம் எங்கிருந்து வரும்? அது எங்கிருந்தாவது வந்துதான் ஆகும். முதலில் நூல் கடைக்குப் பாக்கி நிற்கும். அடுத்து ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாமதமாகும். பிஎஃப் கட்டமாட்டார். கடைசியில் மீட்டர் வட்டிக்காரர் வருவார். இந்த வரிசை ஏறக்குறைய மாறுவதே இல்லை. அதனால் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தேதிகளைப் பார்க்கும்போது அபராதம் எவ்வளவு என்று பார்க்காதீர்கள். எந்த மாதத்திலிருந்து தேதி தள்ளிப்போக ஆரம்பித்தது என்று பாருங்கள். அந்த மாதம் யாரோ ஒரு பெரிய பார்ட்டி பணம் தரவில்லை. யார் என்று கேளுங்கள்.

பேலன்ஸ் ஷீட் நன்றாக இருந்தால் போதாதா?

என் கதையைச் சொல்கிறேன். 2010இல் ஒரு நிட்டிங் யூனிட்டுக்கு மெஷின் கடனும் சிசியும் போட்டேன். கரண்ட் ரேஷியோ (ஒரு வருடத்துக்குள் பணமாகும் சொத்தை, ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டிய கடனால் வகுத்தது) 1.6. ரிசர்வ் வங்கி அமைத்த டாண்டன் கமிட்டி காலத்திலிருந்து 1.33 இருந்தால் நல்லது என்பார்கள், இது அதற்கும் மேலே. அண்ணன் தம்பி இருவரும் காலை ஆறு மணிக்கே யூனிட்டில் இருப்பார்கள். எனக்கு என் நோட்டை (கடனுக்காக நான் எழுதிய பரிந்துரைக் குறிப்பை) படிக்கவே பெருமையாக இருந்தது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நொய்யல் ஆற்றில் கழிவு கலந்த வழக்கு. என் பார்ட்டி சாயப்பட்டறைக்காரர் இல்லையே என்று முதல் வாரம் நிம்மதியாக இருந்தேன். ஆனால் அவர் ஓட்டிய துணி அத்தனையும் போனது சாயத்துக்குத்தான். சாயம் போட இடமில்லாமல் கம்பெனிகள் நிட்டிங் ஆர்டரைக் குறைத்தன. சில பேர் துணியை வெளியூருக்கு அனுப்பினார்கள், கூலியும் நாளும் கூடியது. ஜூனுக்குள் கணக்கு என்பிஏ (வாராக் கடன்).

நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "இங்கிருந்து உங்கள் துணி எங்கே போகிறது?" அதைக் கேட்டிருந்தால் கடன் கொடுக்காமல் இருந்திருப்பேன் என்று சொல்லவில்லை. வழக்கு பல வருடமாக நடந்துகொண்டிருந்தது ஊருக்கே தெரியும். தவணையை வேறு மாதிரி போட்டிருப்பேன், மெஷின் எண்ணிக்கையைக் குறைத்திருப்பேன். அதற்கப்புறம் எந்த யூனிட்டுக்குப் போனாலும் சரக்கு வரும் வாசலையும் போகும் வாசலையும் முதலில் பார்க்கிறேன்.

யூனிட்டுக்கு நேரில் போனால் என்ன பார்க்க வேண்டும்?

முதலாளி அறையில் காபி குடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஏசி அறையில் எல்லாத் தொழிலும் லாபம்தான்.

கரண்ட் பில்லை மாதவாரியாகக் கேளுங்கள். விற்பனை இரண்டு மடங்கு ஏறியதாக ஜிஎஸ்டி சொல்லி, பில்லில் மின்சார யூனிட் ஏறாமல் இருந்தால் ஒன்று ஜாப்வொர்க் (கூலிக்குச் செய்யும் வேலை) வெளியே கொடுக்கிறார், அல்லது சரக்கு இல்லாமல் பில் மட்டும் ஓடுகிறது. ஜாப்வொர்க் என்றால் அதற்கான கூலி வங்கி ஸ்டேட்மென்ட்டில் போயிருக்கும், போய்ப் பாருங்கள். மெஷின் மேல் தூசி இருக்கிறதா, ஆளுக்கு ஷிப்ட் எத்தனை என்று கேளுங்கள். வாட்ச்மேனிடமும் பக்கத்து டீக்கடையிலும் பேசலாம், ஆனால் கடன் விஷயமாக வந்திருக்கிறேன் என்று அங்கே உளறக் கூடாது. ஊர் சின்னது. மாலைக்குள் நான்கு பேர் பார்ட்டிக்குப் போன் செய்துவிடுவார்கள்.

எந்தத் தொழில் என்று தெரிந்து பார்க்க வேண்டும். சிவகாசிப் பட்டாசு யூனிட்டில் ஆகஸ்டில் குடோன் நிறைய சரக்கு இருந்தால் அது ஆரோக்கியம். தீபாவளி முடிந்த பிறகும் அதே அளவு சரக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் (பார்ட்டி நமக்குத் தரும் சரக்குக் கணக்கில்) இருந்தால் உட்கார்ந்து பேச வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரருக்கு மழைக்காலத்தில் வேலை குறையும். அவருக்குப் பன்னிரண்டு மாதமும் ஒரே தவணை போட்டுவிட்டு, மழையில் தவணை தவறினார் என்று சிபிலில் ஏற்றினால் தப்பு அவருடையது இல்லை.

ஸ்டாக் ஸ்டேட்மென்ட், டிராயிங் பவர் எல்லாம் சடங்குதானே?

சடங்காக்கியது நாம். சரக்கையும் வர வேண்டிய பணத்தையும் வைத்து பார்ட்டி எவ்வளவு எடுக்கலாம் என்று போடுவதுதான் டிராயிங் பவர்; அதில் முதலாளி பங்காகக் கழிப்பது மார்ஜின். ஸ்டாக் 30 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் பணம் கொடுக்காமல் கடனில் வாங்கியது 8 லட்சம். மிச்சம் 22இல் 25 சதவீதம் மார்ஜின் போனால் 16.5 லட்சம். வர வேண்டிய பணத்தில் 90 நாளுக்குள் உள்ளது 40 லட்சம், 40 சதவீத மார்ஜின் போனால் 24. மொத்த டிராயிங் பவர் 40.5 லட்சம். மார்ஜின் இடத்துக்கு இடம் மாறும். மூன்று மாதமாக ஸ்டாக் ரவுண்டாக ஒரே எண்ணில் வந்தால், அதை ஆடிட்டர் ஆபீஸில் யாரோ தட்டச்சு செய்கிறார்கள் என்று அர்த்தம்.

ஜேஏஐஐபி, சிஏஐஐபி எழுதினால் உதவுமா?

இரண்டும் வங்கி ஊழியர்களுக்கான தேர்வுகள். வங்கியில் இருந்தால் எழுதுங்கள். இன்கிரிமென்ட் கிடைக்கும், சட்டப் பகுதி உண்மையாகவே பயன்படும். அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபேசி சட்டம் 2002இல் வந்தது என்று தெரிந்தால் மட்டும் போதாது, நோட்டீஸ் கொடுத்து 60 நாள் காத்திருக்க வேண்டும் என்பதும், விவசாய நிலத்தின் மேல் அது செல்லாது என்பதும் தெரிய வேண்டும். பத்திரம் பார்க்கும்போது தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா இவற்றை வக்கீல் தலையில் கட்டிவிடாமல் நீங்களும் வரிவரியாகப் படித்துப் பழகுங்கள்.

மாதக் கடைசி. டார்கெட்டுக்கு ஒரு ஃபைல் குறைகிறது. மேலே இருப்பவர் "எப்படியாவது முடிச்சுக் கொடு" என்கிறார். என்ன செய்வது?

இதைக் கேட்காத பையனே இல்லை. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லும் வசதி முதல் மூன்று வருடத்தில் யாருக்கும் கிடையாது, எனக்கும் இருந்ததில்லை. ஆனால் நோட் உங்கள் பேனாவில்தான் இருக்கிறது. பார்த்ததை அப்படியே எழுதுங்கள். "யூனிட்டுக்குப் போனபோது நான்கில் இரண்டு மெஷின் ஓடவில்லை, ஆர்டர் இல்லை என்று சூப்பர்வைசர் சொன்னார்" என்று ஒரு வரி. முடிவு எடுக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது, எடுக்கட்டும். அந்த வரியை நீக்கச் சொன்னால் மெயிலில் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த மெயில் வராது.

இதே நோட் உங்களைக் காப்பாற்றவும் செய்யும். கணக்கு கெட்ட பிறகு வரும் ஆடிட்டர் கேட்பது ஒன்றுதான்: அன்றைக்கு உனக்கு என்ன தெரியும், அதை எழுதினாயா?

அடுத்த பாதி, டார்கெட்டை ஆரம்பத்திலேயே பிடிப்பது. முதல் இருபது நாள் சும்மா இருந்துவிட்டு 28ஆம் தேதி ஃபைல் தேடினால் ஏஜெண்ட் கொண்டுவருவதைத்தான் எடுக்க வேண்டிவரும். நல்ல பார்ட்டி 28ஆம் தேதி வரமாட்டார்.

வாடிக்கையாளர் தீபாவளிக்கு ஏதாவது கொடுத்தால்?

காபி குடிக்கலாம். ஸ்வீட் பாக்ஸ் என்றால் கம்பெனி விதியைப் பார்த்துவிட்டு, வாங்கினால் ஆபீஸ் மேஜையில் எல்லோருக்கும் பிரித்துவிடுங்கள். கவர் என்றால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். வீட்டுக்கு வந்து யோசிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

நான் போட்ட கடன் என்பிஏ ஆகிவிட்டது. என் வேலை வாழ்க்கை முடிந்ததா?

இல்லை. கடன் போட்ட யாருக்கும் கெட்ட கணக்கு இருக்கும். ஒன்றுமே கெடவில்லை என்று யாராவது சொன்னால், அவர் ஒன்று ஃபைலே போடவில்லை, அல்லது போட்டுவிட்டு டிரான்ஸ்ஃபரில் போய்விட்டார்.

கெடும்போது ஓடி ஒளிவதுதான் தப்பு. தவணை 1 முதல் 30 நாள் தாண்டினால் எஸ்எம்ஏ-0 (எஸ்எம்ஏ என்றால் தனியாகக் கவனிக்க வேண்டிய கணக்கு), 31 முதல் 60 வரை எஸ்எம்ஏ-1, 61 முதல் 90 வரை எஸ்எம்ஏ-2, அதையும் தாண்டினால் என்பிஏ. இந்த 90 நாள் நம் கையில் இருக்கும் அவகாசம். பதினைந்தாவது நாளில் நேரில் போனவரும் எண்பதாவது நாளில் போனவரும் பார்க்கும் பார்ட்டி ஒரே ஆள் இல்லை. முதலில் போனவரிடம் உண்மையைச் சொல்வார். எண்பதாவது நாளில் அவருடைய வக்கீல்தான் பேசுவார்.

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா? களத்துக்குப் போக வேண்டியிருக்கிறதே?

வரலாம், வந்திருக்கிறார்கள். பிரச்சினை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். சிட்கோ எஸ்டேட்டில் பல யூனிட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்காது. சில முதலாளிகள் கூட வந்த ஜூனியர் பையனைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். இதைச் சரிசெய்ய வேண்டியது அந்தப் பெண் இல்லை, அவருடைய மேலாளர். நான் கூடப் போகும்போது, கேள்வி என்னிடம் வந்தால் "மேடம்தான் ஃபைல் பார்க்கிறாங்க" என்று சொல்லிவிட்டு செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். இரண்டு நிமிடத்தில் அவர் பக்கம் திரும்பிவிடுவார்கள். சாயங்கால வசூல் வேலைக்குத் தனியாக அனுப்பக் கூடாது, பையனையும்தான்.

எல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துவிடும் என்கிறார்களே?

சின்னத் தொகைக்கு ஏற்கெனவே பார்க்கிறது. பார்ட்டி சம்மதத்தோடு விவரம் வாங்கித் தரும் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் வழியாக வங்கி ஸ்டேட்மென்ட்டும் ஜிஎஸ்டி விவரமும் சில நிமிடத்தில் வந்துவிடுகிறது. நாங்கள் மஞ்சள் மார்க்கர் வைத்து இரண்டு நாள் செய்த வேலை. அது போனதில் எனக்கு வருத்தமில்லை, கண்தான் கெட்டது. ஆனால் அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைப் பேச்சு நடக்கிறது என்பது எந்த ஸ்டேட்மென்ட்டிலும் வராது. இந்தப் பக்கத்தில் நான் பார்த்த கெட்ட கணக்குகளில் சந்தை சரிந்ததால் கெட்டதற்குச் சமமாக குடும்பம் பிரிந்ததால் கெட்டதும் உண்டு.

ஒரு நல்ல சீனியரை எப்படிப் பிடிப்பது?

"எனக்கு வழிகாட்டுங்கள் சார்" என்று யாரிடமும் போய் நிற்காதீர்கள், அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. ஒரு ஃபைலோடு போங்கள். "இந்த டெப்டர் 60 நாள் சரியா சார், எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்று (டெப்டர் என்றால் பணம் தர வேண்டியவர்) குறிப்பாக ஒன்று கேளுங்கள். அவர் சொன்னபடி செய்துவிட்டு, என்ன ஆனது என்று திரும்பப் போய்ச் சொல்லுங்கள். இரண்டாவதைத்தான் யாரும் செய்வதில்லை. செய்கிறவரை எந்த சீனியரும் விடமாட்டார்.

எனக்குக் கீழே நான்கு பேர். வேலையும் முடிக்க வேண்டும், சொல்லியும் தர வேண்டும். நேரம் எங்கே இருக்கிறது?

தனியாக நேரம் ஒதுக்கினால் நடக்காது, வேலைக்குள்ளேயே செய்ய வேண்டும். நான் செய்வது இது. ஃபைல் வந்ததும் என் கருத்தைச் சொல்லமாட்டேன். முதலில் அவர்கள் ஒரு பக்கம் எழுத வேண்டும்: கொடுக்கலாமா, எவ்வளவு, எது நடந்தால் இது கெடும். நான் வாயைத் திறந்துவிட்டால் அப்புறம் அவர்கள் எழுதுவது என் கருத்தைத்தான். யூனிட்டுக்குப் போகும்போது கூடப் போவேன், ஆனால் பேசமாட்டேன். இது ரொம்பக் கஷ்டம். பையன் முக்கியமான கேள்வியைத் தாண்டிப் போகும்போது நாக்கு துடிக்கும். திரும்பும் வழியில் டீக்கடையில் வைத்துக் கேட்பேன்: அந்த மூன்றாவது மெஷின் ஏன் நின்றது தெரியுமா? தெரியாது என்றால் போன் போட்டுக் கேட்கச் சொல்வேன். ஒருமுறை வெட்கப்பட்டுப் போன் போட்டவர் அடுத்த முறை மறப்பதில்லை.

இன்னொன்று, பழைய கெட்ட ஃபைல். பெயர், ஊர், எண் எல்லாம் மாற்றி, கடன் சேங்ஷன் ஆன நாள் வரை உள்ள தாள்களை மட்டும் கொடுப்பேன். நீங்கள் கொடுப்பீர்களா என்று கேட்பேன். பெரும்பாலும் எல்லோரும் கொடுப்பேன் என்பார்கள். அப்புறம் மீதித் தாள்களைத் தருவேன். என் நிட்டிங் யூனிட் ஃபைலைத்தான் முதலில் தருகிறேன். நம்முடைய தப்பை நாமே மேஜையில் போட்டால்தான் அவர்கள் தங்களுடையதை ஒளிக்காமல் கொண்டுவருவார்கள். பதினைந்தாவது நாளில் வந்து "சார், ஒரு கணக்கு ஆடுது" என்று சொல்லும் ஜூனியர் வேண்டுமென்றால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சொல்லிக்கொடுத்த பையன் ஒரே வருடத்தில் இரண்டாயிரம் கூடக் கிடைக்கிறது என்று வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறான். எதற்கு மெனக்கெட வேண்டும்?

போவார்கள். எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். போன வருடம் அப்படிப் போன ஒருவன் இரண்டு மாதம் முன்னால் போன் செய்தான். "சார், ஒரு அரிசி ஆலை. சொந்தச் சரக்கு அரைக்கிறாரா, கூலிக்கு அரைக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலாளி எல்லாம் சொந்தம் என்கிறார்." கரண்ட் பில்லையும் நெல் கொள்முதல் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார், கரண்ட் ஓடிய அளவுக்கு நெல் வாங்கியிருக்கவில்லை என்றால் யாருடைய நெல்லோ அரைபடுகிறது என்றேன்.

அடுத்த ஞாயிறு அதே கேள்வியைப் புதிதாக வந்தவர்களிடம் போட்டேன். மூன்று பேர் கரண்ட் பில் என்றார்கள். சேர்ந்து ஐந்து வாரமே ஆன ஒரு பெண், "குடோனில் அடுக்கியிருக்கும் காலிப் பைகளில் யார் பிராண்ட் அச்சடித்திருக்கிறது என்று பார்க்கலாமே சார்" என்றார். எனக்குத் தோன்றவில்லை. அங்கேயே போனை எடுத்து அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.